மாடிப்படியும் கைபேசியும்

மாலை வேளைகளில் பங்கு இல்லத்தின் முன்திண்ணையில் அமர்ந்திருப்பது நமது வழக்கம். திருப்பலிக் கருத்து எழுத வருவோர், திருமண ஓலை கொடுக்க வருவோர், காரணம் எதுவுமின்றிச் சற்றுப் பேசிப் போக வருவோர் என்று, தாம்பரத்தின் கிழக்குப் புறத்திலுள்ள இந்தப் பங்கில் மாலைப்பொழுது தனிமையில் கழிவதில்லை. 2021ஆம் ஆண்டு நவம்பர் மாதம், அடைமழை ஓய்ந்திருந்த ஒரு மாலையில், வீட்டிலிருந்தே தையல் தொழில் செய்யும் ஒரு தாய் வந்து நின்றார். கையில் ஒரு கைபேசி; திரையின் ஒரு மூலையில் கீறல். வழக்கமாகக் கூறும் தோத்திரம்கூட அன்று அவர் வாயில் வரவில்லை.

"சாமி, ஊருக்கெல்லாம் பள்ளிக்கூடம் திறந்தாச்சு. எம் பிள்ளைக்கு மட்டும் மூடிட்டாங்க" என்றார்.

மூடியவர் யாரென்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. பங்குப் பள்ளியின் தாளாளர் என்ற முறையில் அந்தச் சுற்றறிக்கையில் கையொப்பமிட்டது நாமே.

அவருடைய மகளுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். தசைகளை இயக்கும் மூளைப் பகுதி பாதிக்கப்படுவதால் கைகால்கள் சொன்னபடி கேட்பதில்லை. நாவும் தசையே ஆதலால் பேச்சும் குழறும். ஆனால் அறிவும் குன்றியே தீரும் என்பதில்லை. இதை நாம் நூல்களில் படித்திருந்தோம். படித்திருந்தும், வகுப்பின் ஓரத்தில் தலை சாய்த்து அமர்ந்திருந்த அச்சிறுமியை நான்கு ஆண்டுகளாகக் கண்டபோதெல்லாம், 'பாவம், வந்து உட்கார்ந்துவிட்டுப் போகட்டும்' என்றே எண்ணினோம். ஆசிரியர்களும் அவ்வாறே எண்ணினர். அவள் ஒருநாளும் கையுயர்த்தியதில்லை. உயர்த்த இயலாத கை அது என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

நமது பள்ளி எட்டாம் வகுப்பு வரை மட்டுமே உள்ள சிறிய பள்ளி. நான்காம் வகுப்பு வரை தரைத்தளம். ஐந்தாம் வகுப்பு முதல் மாடி. படிகள் 22. 2020 பிப்ரவரியில் அந்தத் தாய் நம்மிடம் வந்து, "வர்ற வருஷம் மேலே தூக்கிட்டுப் போகணும் சாமி. பிள்ளை கனம் கூடிப்போச்சு" என்றார். "பார்க்கலாம் அம்மா" என்றோம். இவ்விடத்தில் 'பார்க்கலாம்' என்னும் சொல்லுக்குத் தமிழில் என்ன பொருள் என்பது வாசகர் அறிந்ததே.

நாம் எதையும் பார்ப்பதற்கு முன் மார்ச் மாதம் வந்தது. பெருந்தொற்றின் காரணமாக நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டன. பாடங்கள் கல்வித் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. கைபேசிகளில் வந்து இறங்கின. பாடநூல்களில் 2018 முதல் அச்சிடப்பட்டிருந்த க்யூ.ஆர். குறியீடுகளை அதுவரை ஓர் அலங்காரமாகவே கருதியிருந்த பெற்றோர், முதன்முறையாக அவற்றைக் கைபேசிக்குக் காட்டிப் பார்த்தனர். நமது பங்கில் பெரும்பாலான வீடுகளில் இருந்தது ஒரே ஒரு கைபேசி. ஊரடங்கு தளர்ந்ததும் அது தந்தையோடு வேலைக்குப் போய்விடும். பிள்ளைகளுக்கு இரவில்தான் வகுப்பு. தையல் வேலை செய்யும் அத்தாயின் கைபேசி மட்டும் பகல் முழுவதும் வீட்டில் இருந்தது. ஐந்தாம் வகுப்புக்கு ஏறவேண்டிய 22 படிகளும் அச்சிறுமிக்கு மறைந்துபோயின.

அவ்வகுப்பின் ஆசிரியை ஒரு பழக்கம் வைத்திருந்தார். காலையில் ஒரு கேள்வியை வாட்ஸப் குழுவில் இடுவார். விடைகள் நாள் முழுவதும் வந்துகொண்டிருக்கும். ஒருநாள், மழைநீரைச் சேமிப்பதால் யாருக்கெல்லாம் பயன் என்று கேட்டிருந்தார். மக்களுக்கு, உழவர்களுக்கு, மரங்களுக்கு என்று முற்பகலிலேயே முப்பது விடைகள் வந்துவிட்டன. இரவு பத்து மணியை நெருங்கும்போது ஒரே ஒரு சொல் வந்தது: "தவலைக்கும்." லகரம் பிழை, விடை பிழையில்லை. ஒற்றை விரலால், விரல் இழுபட்டுப் பக்கத்து எழுத்தில் விழ, அழித்து அழித்து அவள் தட்டிய சொல் அது. ஆசிரியை அதை நமக்கு அனுப்பியிருந்தார். நான்கு ஆண்டுகள் வகுப்பின் ஓரத்தில் அமர்ந்திருந்த பிள்ளையின் முதல் விடையை நாம் அன்றுதான் படித்தோம்.

வகுப்பறையில் முதலில் கத்துகிறவனுக்கே விடை சொந்தம். கைபேசியில் வந்த விடை இரவுவரை காத்திருந்தது. இணையவழிக் கல்வியின் பெருமையாகப் படங்களையும் அசைவூட்டங்களையும் பலரும் எடுத்துரைப்பர். அவை அவளுக்குப் பெரிதாக உதவியதாக நாம் காணவில்லை. அவளுக்கு உதவியது நேரம்.

வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர் ஒருவர், ஊரடங்கு தளர்ந்தபின் அவ்வீட்டுக்கு வந்து மற்றொரு கருவியை அறிமுகம் செய்தார். படங்களைத் தொட்டால் அது சொல்லாகி, சொற்கள் சேர்ந்து வாக்கியமாகி, குரலாக ஒலிக்கும் செயலி அது. அதன் பிறப்பிடம் வெகுதொலைவில் இல்லை. மூளை முடக்குவாதமுடைய குழந்தைகளுக்காக 1985இல் தொடங்கப்பெற்று, இன்று கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் என்னும் பெயரில் இயங்கும் நிறுவனத்தின் குழந்தைகளோடும் ஆசிரியர்களோடும் பழகி, சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற பொறியாளர் அஜித் நாராயணன் உருவாக்கிய 'ஆவாஸ்' அது. இந்தியில் குரல் என்று பொருள். முதலில் தனிக் கருவியாக இருந்து, பின்னர் கைக்கணினியில் இயங்கும் செயலியாயிற்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவன இதழ், உலகின் இளம் புத்தாக்குநர் வரிசையில் 2011இல் அவரைச் சேர்த்தது. செயலி தமிழும் பேசும். வீட்டார் தங்கள் படங்களையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். தையல் இயந்திரம், எதிர்வீட்டு ஆடு, அப்பாவின் சைக்கிள் என்று தாய் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். நமது படமும் அதில் உண்டு. தொட்டால் 'சாமியார்' என்று சற்றுக் கடுமையான பெண்குரலில் ஒலிக்கும்.

அந்தச் சிறப்பாசிரியர் மற்றொன்றும் செய்தார். அதே படங்களை ஒரு தாளில் அச்சிட்டு, நெகிழித்தாள் ஒட்டி, சக்கர நாற்காலியின் முன்பலகையில் பொருத்தினார். "மின்சாரம் இல்லாதபோதும் பிள்ளை பேச வேண்டும் அல்லவா?" என்றார். செயலியைவிட அந்தத் தாள்தான் மிகுதியாகப் பயன்பட்டது என்று பின்னாளில் தாய் கூறினார். கருவிகளைப் பற்றிக் கூட்டங்களில் பேசுவோர் இத்தகைய செய்திகளைச் சொல்வதில்லை.

எல்லாப் பிள்ளைகளுக்கும் அக்காலம் இவ்வாறு வாய்க்கவில்லை. நமது பங்கிலேயே, பிறவியில் செவித்திறன் இழந்த ஒரு சிறுவன் இருந்தான். நகரிலுள்ள ஒரு சிறப்புப் பள்ளியின் விடுதியில் தங்கிப் பயின்றவன். ஊரடங்கு அவனை வீட்டுக்கு அனுப்பியது. பேசுவோரின் உதட்டைக் கண்டு பொருள் கொள்பவனுக்கு, அஞ்சல் தலையளவு கட்டங்களாகச் சிதறி, நொடிக்கொருமுறை உறைந்து நிற்கும் முகங்களால் என்ன பயன்? வெளியில் கண்டவர் வாயையோ முகக்கவசம் மூடியிருந்தது. விடுதித் தோழரோடு கைகளால் ஓயாது உரையாடியவனுக்கு வீட்டில் உரையாட எவருமில்லை. பெற்றோர் சைகைமொழி அறியாதவர்கள். ஒன்றரை ஆண்டுக் காலம் அவன் பெரும்பாலும் மொட்டை மாடியில் பட்டம் விட்டான். அவனுக்காக நாம் செய்தது ஒன்றுமில்லை. திருப்பலி முடிந்ததும் தோளைத் தட்டினோம்.

18ஆம் நூற்றாண்டில் பாரிசு மாநகரில் லெப்பே என்னும் குரு, காது கேளாத சகோதரிகள் இருவரைச் சந்தித்தபின் தம் வாழ்நாளையே அத்தகையோர்க்கு அளித்தார் என்று குருத்துவக் கல்லூரியில் படித்தோம். அவர் முதலில் செய்தது கற்பித்தல் அன்று. அவர்களிடமிருந்து சைகைகளைக் கற்றுக்கொண்டார். அந்த வரலாறு நமக்கு நினைவு வந்தது 2021இல்தான். அவ்வாண்டு இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் அகராதி 10,000 சொற்களாக விரிந்தது. 2018இல் 3,000 சொற்களோடு தொடங்கிய அகராதி அது. சொல்லைத் தேடினால், ஒருவர் அதைக் கைகளால் செய்துகாட்டும் காணொளி வரும். நாமும் மறைக்கல்வி ஆசிரியர் இருவரும் அச்சிறுவனின் தாயும் ஞாயிறுதோறும் அரைமணி நேரம் அதைப் பார்த்துப் பழகினோம். நாம் செய்த சைகைகளில் பாதியைக் கண்டு அவன் சிரித்தான். அகராதியில் இருப்பது ஒன்று, விடுதியில் தோழரோடு அவன் பழகியது வேறொன்று. அவன் நம்மைத் திருத்தினான். சிறப்புத் தேவையுடைய மாணவருக்கான கருவி என்று நாம் திறந்த அது, கேட்கும் திறனுள்ள மாணவராகிய நமக்கே பயன்பட்டது. ஐம்பதைக் கடந்தவரின் விரல்கள் எவ்வளவு மந்தமானவை என்பதையும் அன்று அறிந்தோம்.

இனி நமது மற்றொரு பிழை. பார்வையற்ற இளைஞர் ஒருவர், கல்லூரியில் பட்டப்படிப்பு படித்துவந்தவர், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி கற்பிக்க முன்வந்தார். நமது பங்கின் பாடக்குறிப்புகளை அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவைத்துப் பெருமிதம் கொண்டோம். மறுநாள் தம் மடிக்கணினியோடு வந்தார். என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் அதில் இருந்தது. ஆஸ்திரேலியாவில், தாமே பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் 2006இல் உருவாக்கத் தொடங்கிய மென்பொருள் அது, விலை ஏதுமில்லை. திரையிலுள்ள எழுத்தை உரக்கப் படிக்கும். அதன் தமிழ், கப்பலிலிருந்து நேற்று இறங்கிய மேனாட்டுக் குருவின் முதல் மறையுரை போலிருக்கும் என்றாலும், பழகினால் புரியும்.

"கேளுங்க சாமி" என்று நமது குறிப்பைத் திறந்தார். கணினி படித்தது: "எம், கே, அரைப்புள்ளி, கே, எச்."

அது 'அம்மா' என்னும் சொல். நமது குறிப்புகள் அனைத்தும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவ்வகைப் பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியிருப்பார்கள். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துகள். ஒருங்குறியில் தட்டச்சு செய்திருந்தால் அது 'அம்மா' என்றே படித்திருக்கும். தமிழக அரசு 2010இலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. ஆயினும் பழைய எழுத்துருக்கள் கோவில் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. எகர ஒகரங்களின் குறிலும் நெடிலும் வாசிப்போரைக் குழப்பாதிருக்க எழுத்தின் வடிவையே சீர்செய்தார் வீரமாமுனிவர் என்று மேடைதோறும் முழங்குபவர்கள் நாம். ஓர் எழுத்துருவை மாற்றிக்கொள்ள நமக்குப் பத்தாண்டு போதவில்லை. உடற்குறையோ மனக்குறையோ உடையோர்க்கும் அவர்தம் நிலைக்கேற்ப மறைக்கல்வி கிடைக்கச் செய்வது பங்குத்தந்தையின் கடமை என்கிறது திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 777ஆம் எண். தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்தவர்களும் நாமே.

அவ்விளைஞர் கடிந்துகொள்ளவில்லை. சிரித்துவிட்டு, "நீங்களே படிச்சு, பேசி அனுப்பிடுங்க சாமி" என்றார். அப்போது பழைய நினைவொன்று எழுந்தது. 1990களில் பூவிருந்தவல்லிக் குருத்துவக் கல்லூரியில் இறையியல் பயின்றபோது, அவ்வூரிலேயே உள்ள பார்வையற்றோர் அரசுப் பள்ளி மாணவர்க்காக, சனிக்கிழமைகளில் வரலாற்றுப் பாடத்தை ஒலிநாடாவில் படித்துப் பதிவு செய்ததுண்டு. மின்விசிறியின் ஓசை கேட்காதிருக்க அதை நிறுத்திவிட்டு, வியர்வை வழியப் படிப்போம். ஒரு நாடா அறுந்தால் ஒரு பேரரசே போய்விடும். இன்று நிலை வேறு. பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவில் நூலை மாற்றுவதற்குப் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் வழிவிட்டது. அதற்கான பன்னாட்டு மராக்கேஷ் உடன்படிக்கைக்கு 2014இல் முதலில் ஒப்புதல் அளித்த நாடு இந்தியாவே. 2016 முதல் 'சுகம்ய புஸ்தகாலயா' என்னும் இணைய நூலகமும் உண்டு. குறிப்புகளை நாம் மீண்டும் வாய்விட்டுப் படிக்கவில்லை. பங்கு இளையோர் நால்வர் ஒருங்குறியில் தட்டச்சு செய்யத் தொடங்கினர். நான்காம் வகுப்பு முடிந்தது. ஏழாம் வகுப்பில் பாதி நிற்கிறது.

அந்த நவம்பர் மாலைக்குத் திரும்புவோம். நவம்பர் 1 அன்று ஒன்று முதல் எட்டு வரை எல்லா வகுப்புகளும் திறக்கப்பட்டன. ஆறாம் வகுப்பு ஆசிரியர், மாடி வகுப்பறையின் சன்னல் விளிம்பில் தம் கைபேசியை நிறுத்திவைத்து, அச்சிறுமி வீட்டிலிருந்தே பாடம் கேட்க இரண்டு வாரங்கள் உதவினார். பின்னர் முறையீடுகள் எழுந்தன. பாடத்தின் நடுவே அழைப்பு வருகிறது. மற்றப் பிள்ளைகள் திரையில் முகம் காட்டிக் குறும்பு செய்கிறார்கள். டேட்டா ஆசிரியரின் பணம். கரும்பலகை தெரியவில்லை என்று வீட்டிலிருந்து செய்தி வந்தால் பாடம் நிற்கிறது. எதுவும் பொய்யன்று. ஆசிரியர் கூட்டத்தில் இயல்புநிலை திரும்பிவிட்டது என்று அனைவரும் மகிழ்ந்திருந்த வேளையில், 'இணையவழி வகுப்புகள் அனைத்தும் இத்துடன் நிறுத்தப்படுகின்றன' என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டோம். அவ்வரியில் ஒரு பிள்ளையின் பள்ளி இருந்தது நம் நினைவிலேயே இல்லை. அவளை வேண்டாமென்று விலக்கியிருந்தால்கூட, அவளை நினைத்ததாகவாவது ஆகியிருக்கும்.

தாய்க்கு அன்று நாம் தக்க மறுமொழி கூறவில்லை. "மறுபடியும் போன் வைக்கச் சொல்கிறேன் அம்மா" என்று மட்டும் கூறினோம். மறுவாரம் ஆசிரியரைக் கூட்டினோம். முக்காலி வாங்குவது, புதிய கைபேசி வாங்குவது, மாதக் கட்டணத்தைப் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையினர் ஏற்பது என்று பேச்சு வளர்ந்தது. முன்பு எல்லாரினும் கூடுதலாக முறையிட்ட கணித ஆசிரியை எழுந்தார். "ஃபாதர், போனை மாடிக்கு ஏத்துறதுக்குப் பதிலா, வகுப்பைக் கீழே இறக்கினா என்ன?" என்றார்.

அறையில் யாரும் பேசவில்லை. முதல் வகுப்பு எங்கிருந்தால் என்ன, ஏழாம் வகுப்பு எங்கிருந்தால் என்ன? நான்கு பெஞ்சுகளை இறக்கும் வேலை. இரண்டாண்டுக்கு முன் அத்தாய் கேட்டபோதே செய்திருக்கலாம். கைபேசி வந்து அவளுக்கு ஒரு கதவைத் திறந்தது உண்மை. படிகளைப் பற்றி நாம் எண்ணாமலிருக்க அதே கைபேசி ஒரு சாக்கும் ஆகவிருந்தது. மிகக் கடுமையான, பல்வகைக் குறைபாடுள்ள குழந்தைக்கு வீட்டிலிருந்தே கற்கும் உரிமையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அளிக்கிறது. அது குழந்தையின் உரிமை; பள்ளியின் வசதிக்கு வரைந்ததன்று. 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, அருகமைப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுப்பதைக் குழந்தையின் பக்கம் விடுகிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது, நல்ல இடம். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலைவரை நாள்தோறும் பேருந்து மாறி மாறிச் சென்று வர, அந்தத் தாயின் தையல் இயந்திரம் விடை கொடுக்காது. பக்கத்துத் தெருவில் இருந்தது நமது பள்ளி.

2022 ஜூனில் ஏழாம் வகுப்பு கீழே வந்தது. வாயிலில் சாய்தளம் ஒன்று கட்டினோம். அன்பியத்தைச் சேர்ந்த கொத்தனார் ஒருவர் கூலி வாங்காமல், ஒன்றரை அடி உயரத்துக்கு ஐந்தடி நீளத்தில் கட்டிக் கொடுத்தார். புனித நீர் தெளித்து மந்திரித்த அன்றே, சக்கர நாற்காலி அதில் பின்னோக்கி உருண்டது. நல்லவேளை, கணித ஆசிரியை பிடித்துக்கொண்டார். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்ற கணக்கைச் சிறப்பாசிரியர் பின்னர் சொன்னார். இடித்து, திருப்பிக் கட்டி, இருமுறை மந்திரித்தோம்.

வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாட்கள் அவள் வந்தாள். தசை இறுகிய நாட்களிலும், தெருவில் மழைநீர் முழங்காலளவு நின்ற நாட்களிலும், கைபேசி சன்னல் விளிம்பில் ஏறியது. முறையீடுகளும் முன்போலவே தொடர்ந்தன. கணினி ஆசிரியர் வாய்ப்பாட்டுக் கேள்விகளுக்குத் தொடுதிரையில் விடை தொடும் பயிற்சியொன்றை அமைத்துக் கொடுத்தார். அதைச் சில நாளிலேயே அவள் வெறுத்துவிட்டாள். தப்பான விடைக்கு அதிலிருந்து எழும் ஒலி பிடிக்கவில்லையாம். தாளில் 'வேண்டாம்' என்னும் படத்தை மூன்று முறை தொட்டுக் காட்டினாள். எடுத்துவிட்டார்கள்.

2024இல் எட்டாம் வகுப்பு முடித்து வேறொரு பள்ளிக்குச் சென்றாள். அங்கும் தரைத்தளமா என்று முதலில் விசாரித்த பிறகே மாற்றுச் சான்றிதழில் கையொப்பமிட்டோம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அவளைப் போன்றோர்க்கு, சொல்வதை எழுதுபவர் ஒருவரும் கூடுதலாக ஒரு மணி நேரமும் உண்டு. இரவு பத்து மணிவரை அவள் விடைக்குக் காத்திருந்த ஐந்தாம் வகுப்பு ஆசிரியைக்கு இச்செய்தியைச் சொன்னபோது, ஒரு மணி நேரம் போதுமா என்று கேட்டார்.

ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் இப்போது கீழேயே இருக்கின்றன. அவற்றுக்கு இடம் வேண்டித் தாளாளர் அறையை மாடிக்குக் கொண்டுபோனோம். வலது முழங்காலில் ஓராண்டாக வலி. கோப்புகளில் கையொப்பம் வேண்டுவோர், "நாங்களே மேலே வர்றோம் சாமி" என்று சொல்லியும் பார்த்தார்கள். அவர்களுள்ளும் பாதிப்பேர் படியின் அடியிலேயே நின்று விடுகிறார்கள்.